மணி அடித்தபோது நாங்கள் பயிற்சியில் இருந்தோம்

ரயில் நாகர்கோவில் சந்திப்பில் நின்றபோது நன்றாக விடிந்திருந்தது. கோவையிலிருந்து முந்தின நாள் இரவு ஏறினேன். படுக்கை வசதிக்கு முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் கண் விழித்தேன். மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள். ஆடிக் காற்று அவற்றைச் சுழற்றிய வேகத்தைப் பார்க்க ரயிலே மெதுவாகப் போவது போல இருந்தது.

நான் கோவை உக்கடத்துக்குப் பின்னால் நைட்டி தைக்கும் யூனிட் நடத்துகிறவள். ஒன்பது மெஷின். எங்கள் பகுதிப் பெண்கள் குழுவுக்குச் செயலாளர் என்று என் பெயர் எங்கேயோ இருந்திருக்கிறது. வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுக்க மக்கள் பிரதிநிதிகளுக்கு இரண்டு நாள் பயிற்சி, நாகர்கோவிலுக்கு வா என்று அழைப்பு வந்தது. முன்பு கலவரமோ குண்டோ பார்த்த ஊர்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்களாம். நாங்கள் இரண்டையும் பார்த்தவர்கள். சின்ன வயதில் தெருமுனை செக்போஸ்ட்டில் பள்ளிக்கூடப் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இவர்கள் இப்போது எனக்கு என்ன கற்றுத்தரப் போகிறார்கள், பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் கிளம்பினேன்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"ஏனுங்க, ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லைன்னு சொன்னாங்களே?"

"சொன்ன ஆளு வண்டி வச்சிருக்காரா? இல்லல்லா? அப்போ ஏறுங்க." கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "அந்த மண்டபத்துல என்ன, கல்யாணமாக்கும்?"

"தீவிரவாதத்தைத் தடுக்கறாங்களாம்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இஞ்ச இப்போ ரப்பர் வெலையைக் கேட்டா எல்லாவனும் தீவிரவாதியாத்தான் ஆவான். அதையும் சேத்துத் தடுக்கச் சொல்லுங்க."

நூற்றிருபது கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

*

மண்டபம் குளிரூட்டப்பட்டது. வாசலில் ஒரு மேசை. மேசையில் நீல நிற பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே போகிறவர்கள் கைபேசியை அதில் போட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். மாலை முடிந்ததும் திருப்பித் தருவார்களாம். பாதுகாப்பாம். தடுப்பு வேலைக்கு வந்தவர்களையே முதலில் தடுத்துப் பழகுகிறார்கள்.

எனக்கு முன்னால் நின்ற பெண் கைபேசியைக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஐம்பது வயது இருக்கும். கறுத்து உறுதியான உடம்பு, கழுத்தில் சிலுவை, புதுச் சேலை.

"எங்க வீட்டு ஆளு கடலுக்குப் போயிருக்கு. போன் வந்தா நான் எடுக்கணும்."

"வந்தா நாங்க கூப்பிடுறோம் மேடம்," என்றான் மேசையில் இருந்த ஒருங்கிணைப்பாளர். கோட்டு போட்டிருந்தான். ஆடி மாதத்தில் கோட்டு.

"எப்பிடிக் கூப்பிடுவ? இந்தத் தொட்டிக்குள்ள எல்லா போனும் சேந்து அடிக்கும். எது என்னதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

ஆனாலும் வாங்கிவிட்டான். அவள் பெயர் ஜெசிந்தா. முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த பயிற்சியில் அதை வரைபடத்தில் சிவப்பாக்கிக் காட்டுவார்கள். ஜெசிந்தா மீன் விற்பவள். கடற்கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, கடலை விட்டு மேலே உள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் விற்பாள்.

அவளோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் புருவ நடுவிலிருந்து மேலே ஏறும் வெள்ளை நாமம். அய்யா வழிக்காரர். பொன்னுலிங்கம். ஜெசிந்தாவின் ஊருக்குப் போகும் சாலை மெயின் ரோட்டில் சேரும் ஜங்ஷனில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். அந்த ஜங்ஷனைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் இந்துக் குடும்பங்கள். கீழே கடற்கரையில் எல்லாம் கத்தோலிக்கர். நடுவில் ஒரு கிலோமீட்டர் தென்னந்தோப்பு. இரண்டு பேரையும் காலையில் ஜீப் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள்.

டெல்லியிலிருந்து வந்த அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். ஒரு பெண் தமிழில் சொன்னாள். படித்த மனிதர், மரியாதையானவர், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு நாடும் இதை எப்படிச் செய்கிறது என்று திரையில் காட்டினார். பிரிட்டனில் மாணவனிடம் சந்தேகமான மாற்றம் தெரிந்தால் பள்ளி ஆசிரியர் தெரிவிக்கச் சட்டப்படி பொறுப்பு உண்டாம். டென்மார்க்கில் ஒரு நகரத்தில் வழிதவறிப் போய்த் திரும்பி வந்த பையன்களுக்குப் போலீசும் நகராட்சியும் சேர்ந்து படிப்பும் வேலையும் வீடும் பார்த்துத் தந்தார்களாம். சவூதியில் மறுவாழ்வு மையம். பிறகு நமது தேசிய அணுகுமுறை. அதற்கு ஒரு முக்கோணம் போட்டிருந்தார். உச்சியில் அரசு. அடியில் மக்கள். மக்களிடமிருந்து உச்சிக்கு ஒரு அம்புக்குறி. அதில் "தகவல்" என்று எழுதியிருந்தது.

நான் கை தூக்கினேன். "மேலேயிருந்து கீழே ஒரு அம்பு இல்லீங்களா?"

அவர் சிரித்தார். நல்ல கேள்வி என்றார்.

அடுத்தது கவனிக்க வேண்டிய அறிகுறிகள். திடீரென்று தாடி வைப்பது. பழைய நண்பர்களை விட்டு விலகுவது. மத விஷயத்தில் புதிதாக ஈடுபாடு. எங்கள் தெருவில் கல்யாணம் நிச்சயமான எல்லாப் பையனுக்கும் இந்த மூன்றும் வரும். அதையும் சொன்னேன். பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். மொழிபெயர்த்த பெண் இதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. என் தம்பி பள்ளிவாசலுக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்ததற்காக இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவன். இரண்டாவது முறைக்குப் பிறகு அவன் பள்ளிவாசலுக்கும் போகவில்லை, எங்களோடும் பேசவில்லை. எதைத் தடுத்தார்கள் என்று யாராவது சொல்லட்டும்.

*

மதியச் சாப்பாட்டில் ஜெசிந்தா மீன் துண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"எக்கா, இது கடல்ல பிடிச்ச மீன் இல்ல. ஐஸ் பெட்டியிலயே பொறந்து வளந்ததாக்கும்."

"எதையும் கொறை சொல்லாமத் தின்ன மாட்டா," என்றார் பொன்னுலிங்கம். அவர் மீன் தொடுவதில்லை, தயிர்ச்சோறு மட்டும்.

"அண்ணாச்சிக்கு என்ன தெரியும்? ஒங்க கடையில உள்ள புண்ணாக்கைத் தவிர ஒண்ணும் மணத்துப் பாத்தது கெடையாது."

"ஒன் கூடை மணம் என் கடை வரைக்கும் வருவு பிள்ளே. புண்ணாக்கு வாங்க வாற மாடு திரும்பிப் போவு."

இவர்கள் எப்படி இவ்வளவு பழக்கம் என்று கேட்டேன். அப்போதுதான் மணி விஷயத்தைச் சொன்னார்கள். மொத்தப் பயிற்சியிலும் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

கடற்கரை ஊரில் சர்ச் மணி நேரத்துக்கு அடிக்கும். சாவுக்கு அடிக்கும் விதம் வேறு. நேரம் தவறி, நிறுத்தாமல் அடித்தால் ஊரே கடற்கரைக்கு ஓடி வர வேண்டும். மீன்பிடி வள்ளம் கவிழ்ந்திருக்கும். ஆள் காணாமல் போயிருக்கும். இருக்கிற வள்ளத்தையெல்லாம் இறக்கித் தேட வேண்டும். அந்த மணி தென்னந்தோப்பு தாண்டி ஜங்ஷனுக்கும் கேட்கும். பல வருஷத்துக்கு முன்னால் மாவட்டமே தீப்பிடித்த காலத்தில், இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டபோது, ஆள் சேர்க்கவும் அதே மணிதான் அடித்தது. அதனால் மேலே இருப்பவர்களுக்கு அது வள்ளத்துக்கா வெட்டுக்கா என்று தெரியாது. தெரியாதவன் கல்லைத்தான் எடுப்பான்.

கலவரம் அடங்கியபின் ஜெசிந்தாவின் மாமியாரும் பொன்னுலிங்கத்தின் அப்பாவும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நேரம் தவறி மணி அடித்தால் கீழேயிருந்து ஒரு ஆள் உடனே ஓடி வந்து தீவனக் கடையில் என்ன விஷயம் என்று சொல்ல வேண்டும். மேலே கோயில் கொடைத் திருவிழாவில் நேரம் கெட்ட நேரத்தில் வெடி போட்டால் மேலேயிருந்து ஒரு ஆள் கீழே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் கடை திறந்திருக்கும். கடை திறந்திருந்தால் ஜங்ஷன் திறந்திருக்கும். இப்போது ஓட்டம் இல்லை, போன். ஜெசிந்தா கூப்பிடுவாள், பொன்னுலிங்கம் எடுப்பார்.

"எத்தனை தடவை இப்படிப் பேசியிருப்பீங்க?"

"எண்ணுகதுக்கு அது என்ன மாட்டுத் தீவனமா?" என்றார் அவர்.

மதியத்துக்குப் பிறகு நான் எழுந்து இதைச் சொன்னேன். இவர்கள் இரண்டு பேரையும் மேடையில் ஏற்றுங்கள், நாம் கேட்போம் என்றேன். அதிகாரி ஆர்வமாகக் குறித்துக்கொண்டார். இதை எப்படி எல்லா மாவட்டத்துக்கும் விரிவாக்கலாம் என்று யோசிக்க வேண்டும் என்றார். பிறகு அடுத்த படத்துக்குப் போனார். பதற்றமான நேரத்தில் வதந்தியைத் தடுக்க முதலில் இணையத்தை நிறுத்துவது பற்றி.

*

தேநீர் இடைவேளை ஐந்து மணிக்கு. சிறிது நேரத்தில் முதல் நாளை முடிப்பதாகச் சொன்னார்கள். ஜெசிந்தா மட்டும் வாசலுக்குப் போய்ச் சண்டை போட்டு, தொட்டிக்குள் கைவிட்டுத் தன் போனைத் தானே எடுத்துக்கொண்டாள். நான் பின்னால் நின்றேன். திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். அவள் நாத்தனார், பக்கத்து வீடு, மறுபடி நாத்தனார்.

கூப்பிட்டாள். மறுமுனையில் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. ஜெசிந்தா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் அந்தோணி போன வள்ளம் கரைக்குத் திரும்பும்போது, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் அலை அடித்துக் கவிழ்ந்துவிட்டது. மூன்று பேரில் இரண்டு பேர் நீந்திக் கரை ஏறிவிட்டார்கள். அந்தோணியைக் காணவில்லை. மணி அடித்து வள்ளங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

"மணி அடிச்சாச்சா?" என்றார் பொன்னுலிங்கம். அவர் முகம் மாறியது. "எப்போ அடிச்சது?"

அவரும் தொட்டிக்குள் கைவிட்டுத் தன் போனை எடுத்தார். அதிலும் அழைப்புகள். மச்சினன் தங்கப்பழத்தைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்.

"அத்தான்! எங்க இருக்கீரு?"

"நாகர்கோயில்ல. அங்க என்னடே?"

"ஒம்மள ஜீப்புல பிடிச்சுட்டுப் போயிட்டானுவ, கீழ உள்ளவனுவதான் காட்டிக் குடுத்தானுவன்னு பயலுவ சொல்லுகானுவ. இப்போ மணி வேற அடிச்சாச்சு. கடையெல்லாம் அடைச்சாச்சு. ரோட்டுல கல்லும் தென்னந்தடியும் போட்டாச்சு."

"எலே, அது வள்ளம் கவுந்ததுக்கு அடிச்ச மணியாக்கும். கல்லை எடு."

தங்கப்பழம் குரலைத் தாழ்த்தி, "அத்தான், பக்கத்துல யாரு நிக்கா? மெரட்டிப் பேசச் சொல்லுகானுவளா? ஆமான்னா இருமிக் காட்டும்."

"ஒன் மண்டையில போட! நான் பயிற்சியில இருக்கேன்டே!"

"என்ன பயிற்சி?"

பொன்னுலிங்கத்தால் அதைச் சொல்ல முடியவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இதுதான் நடந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் பேசுகிற இரண்டே இரண்டு பேரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி, போனைப் பிடுங்கி வைத்து, வன்முறையைத் தடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கீழே யாரும் கூப்பிடவில்லை. மேலே யாரும் எடுக்கவில்லை.

ஜீப்பைக் கேட்டோம். ஒருங்கிணைப்பாளர் தலையாட்டினான். பதற்றமான இடத்துக்குப் பங்கேற்பாளர்களை அனுப்பக் கூடாது என்று விதி இருக்கிறதாம்.

"இவங்க ஊருக்கு இவங்க போறதுக்கு என்னடா விதி?" என்று கத்திவிட்டேன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

*

என் போனையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். முதல் ஆள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் செய்தி பரவியிருக்கிறது. இரண்டாவது ஆள் அறுநூறு கேட்டார். பேரம் பேசவில்லை. வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை வழி. பதினைந்து பதினாறு கிலோமீட்டர் இருக்கும். வழி முழுக்க வாழையும் தென்னையும், தாமரை மூடிய குளங்களும். வேறு நாளாக இருந்தால் அழகைப் பற்றி எழுதியிருப்பேன். அன்று ஒவ்வொரு வளைவிலும் அந்த ஓட்டுநர் ஹாரன் அடித்ததுதான் ஞாபகம்.

ஜெசிந்தா செபமாலையை உருட்டவில்லை. போனைக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாண்டிவிளை தாண்டியதும் அது அடித்தது. கேட்டுவிட்டு எங்களிடம் சொன்னாள்.

"கெடைச்சிட்டாரு. மூச்சு இருக்கு. தண்ணி ரொம்பக் குடிச்சிருக்கு, நெனவு இல்ல. குட்டியானையில ஏத்தியாச்சு." குட்டியானை என்பது மீன் ஏற்றும் சின்ன லாரி. "ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாறாவ."

"எந்த வழி?" என்றேன்.

"வழி ஒண்ணுதான் உண்டு." கடலோரமாகப் போகும் சாலையைப் போன மழையில் கடல் தின்றுவிட்டது. வண்டி மேலே ஜங்ஷனுக்கு வந்துதான் ஆக வேண்டும். ஜங்ஷனில் கல் கிடக்கிறது.

ஜங்ஷனுக்கு முன்னால் போலீஸ் தடுப்பு வைத்து மறித்திருந்தது. ஒரு ஆம்புலன்சும் அங்கேயே நின்றது. உதவி ஆய்வாளர் இளைஞர். கூடுதல் படை வரும்வரை யாரையும் விட மாட்டேன் என்றார்.

"ஐயா," என்றார் பொன்னுலிங்கம். "என்னைப் பிடிச்சுட்டுப் போயிட்டானுவன்னுதான் அங்க கல்லு கெடக்கு. நான் உயிரோட நடந்து போனா கல்லு போவும். நீங்க படையோட போனா இன்னும் ரெண்டு கல்லு விழும்."

"பெரியவரே, உங்களுக்கு ஏதாவது ஆனா நான் பதில் சொல்லணும்."

"அவ வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆனா யாருங்க பதில் சொல்றது?" என்றேன் நான். "முக்கோணமா?"

அவருக்கு முக்கோணம் புரியவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா தடுப்புக்கு அடியில் குனிந்து போய்விட்டாள். ஒரு காவலர் கை நீட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். பின்னாலேயே பெரியவரும் நானும்.

ஜங்ஷனில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. சாலைக்குக் குறுக்கே கருங்கல்லும் இரண்டு தென்னந்தடியும். இந்தப் பக்கம் ஐம்பது அறுபது பேர், கம்போடு. அந்தப் பக்கம் கடற்கரைச் சாலையில் குட்டியானை வந்து நின்றிருந்தது. அதற்கு முன்னால் ஈர உடம்போடு மீனவர்கள், கையில் துடுப்பு. இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு வார்த்தை போதும் என்ற நிலை. நான் இதற்கு முன்னால் அந்த நிலையைப் பார்த்திருக்கிறேன்.

பொன்னுலிங்கம் நேராகத் தன் கடைக்குப் போனார். பூட்டைத் திறந்து ஷட்டரை மேலே தள்ளினார். தகரம் கடகடவென்று ஏறிய சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். அவர் உள்ளே போய் விளக்கைப் போட்டு, நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அத்தான்!" என்று ஒருவன் ஓடி வந்தான். தங்கப்பழமாகத்தான் இருக்க வேண்டும்.

"மொதல்ல அந்தக் கல்லைத் தூக்குலே. பெறவு என்னைப் பிடிச்சதுக்கு அழலாம்."

ஜெசிந்தா அதற்குள் கல்லைத் தூக்கத் தொடங்கியிருந்தாள். புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்றை உருட்டிவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். நானும் பிடித்தேன். கனமான கல். அவளிடம் தினமும் மீன் வாங்கும் ஒரு வீட்டுப் பையன் கம்பைக் கீழே போட்டுவிட்டு வந்தான். "மாறுங்க சித்தி" என்றான். அதன் பிறகு மளமளவென்று கைகள் வந்தன.

மீனவர்கள் துடுப்போடு முன்னால் வந்தார்கள். ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"ஏலே, துடுப்பைக் கொண்டு வள்ளத்துல போடுங்கலே! தார் ரோட்டுல எங்க துழாவப் போறியோ? வண்டியை விடுங்க!"

யாரோ சிரித்துவிட்டார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பில் எல்லாம் தளர்ந்தது. தென்னந்தடியை இரண்டு பக்கத்து ஆட்களும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தள்ளினார்கள். குட்டியானை நுழைந்தது. அந்தோணி தார்ப்பாயில் கிடந்தார். ஜெசிந்தா ஓடும் வண்டியில் தொற்றி ஏறினாள். பின்னால் பார்த்தால் அடுத்த கடையின் ஷட்டரும் ஏறிக்கொண்டிருந்தது. தேநீர்க்கடை. அங்கே எனக்கு ஒரு சாயா கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை.

*

மறுநாள் பயிற்சிக்கு நான் போகவில்லை. பஸ்ஸில் ஜெசிந்தாவின் ஊருக்குப் போய் அவள் வீட்டிலிருந்து மாற்றுச் சேலை எடுத்து வந்தேன். சாதாரண டவுன் பஸ், பெண்களுக்குக் காசு இல்லை. கடற்கரையில் அந்த மணியைப் பார்த்தேன். கோபுரம் ஒன்றும் பெரிதில்லை. முட்டத்துக் கலங்கரை விளக்கம் தூரத்தில் தெரிந்தது. கவிழ்ந்த வள்ளத்தை மணலில் கவிழ்த்திப் போட்டு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் அதே மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

ஆசுபத்திரியில் அந்தோணி கண் திறந்திருந்தார். ஆக்சிஜன் முகமூடியை விலக்கி முதலில் கேட்டது, "எஞ்சின் கெடைச்சா?"

"என்னையக் கேட்டியளா?" என்றாள் ஜெசிந்தா. "எஞ்சினைத்தான் கேக்காவ!" என்று திட்டிக்கொண்டே வெளியே வந்து, அப்போதுதான் அழுதாள்.

பொன்னுலிங்கம் வரவில்லை. போன் செய்தார். அவளும் ஊரில் இல்லாதபோது தான் கடையை விட்டு நகர முடியாது என்றார்.

மதியம் டெல்லி அதிகாரி வந்தார். மொழிபெயர்ப்பாளரும் கூட. ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். போன் விஷயத்துக்கு உண்மையாகவே வருத்தம் தெரிவித்தார். அந்த மனிதர் நடிக்கவில்லை. பிறகு சொன்னார். இந்த ஏற்பாட்டை அறிக்கையில் எழுதப் போகிறேன். நீங்கள் இருவரும் பெயர் கொடுங்கள். மாதம் ஒரு மாவட்டத்துக்கு வந்து பேசுங்கள். ரயில், தங்குமிடம், மதிப்பூதியம் எல்லாம் உண்டு.

ஜெசிந்தா சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாங்க எங்கயும் வரமாட்டோம் சார்."

மொழிபெயர்த்தார்கள். அவர் ஏன் என்று கேட்டார்.

"நாங்க பேசிக் காட்டுகதுல ஒண்ணும் இல்ல. நாங்க அங்க இருக்கதுலதான் இருக்கு. நேத்து ஒரு நாள் இல்ல. பாத்தியள்லா?" கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். "ஒங்களுக்குக் கேக்கணும்னா வாங்க. கடையில இருந்து கேளுங்க. ஆனா போனு எங்க கையிலதான் இருக்கும்."

மொழிபெயர்ப்பாளர் இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அதிகாரி ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரவு கோவை ரயில். கிளம்பும்போது ஜெசிந்தா கேட்டாள். "ஒங்க ஊர்ல யாரு யாரைக் கூப்பிடுவா எக்கா?"

நான் யோசித்தேன். எங்களிடம் அமைதிக் குழு இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை சால்வையும் போட்டோவும். பள்ளிவாசல், கோயில், சர்ச் மூன்று பக்கமும் ஆள் உண்டு. ஒருவர் போன் நம்பர் இன்னொருவரிடம் கிடையாது. சாலைக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷமாக ஒரு பூக்கடை இருக்கிறது. அந்த அம்மா பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்களைப் பிரித்து வைத்தது குண்டு மட்டும் இல்லை. குண்டுக்குப் பிறகு வந்த செக்போஸ்ட்டும், ஒவ்வொருவனைப் பற்றியும் இன்னொருவனிடம் கேட்ட கேள்வியும்தான். மேலே அனுப்பத் தகவல் சேர்த்தார்கள். பக்கத்தில் சொல்ல ஒரு ஆளை விட்டு வைக்கவில்லை.

"யாரும் இல்லை," என்றேன்.

"அப்போ போயி ஆரம்பிங்க," என்றாள், என்னமோ மீன் நறுக்குவதைப் பற்றிச் சொல்வது போல.

அடுத்த பயிற்சி வேறு ஊரில் என்று நேற்று செய்தி வந்தது. வரவில்லை என்று பதில் அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டார்கள். எழுதினேன்: எனக்கு ஊரில் வேலை இருக்கிறது. பூக்கடை அம்மாள் பெயர் சரசு. அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. என் நம்பர் அவரிடம் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே நாளில் எங்கேயும் கூப்பிடாதீர்கள்.